பட்டியலில் முதல் பெயர்

ஜெனோவாவிடம் பாடம் கேட்க வந்தவர்கள் எல்லாம் இருபது, இருபத்தைந்து வயதுக்காரர்கள். வெப்சைட் செய்யக் கற்றுக்கொண்டு ஊரைவிட்டுப் போக நினைத்தவர்கள். ஐயம்பெருமாளுக்கு அறுபத்திரண்டு. துறைமுக எடைமேடையில் முப்பது வருடம் லாரிகளை நிறுத்தி எடை போட்டு ஓய்வு பெற்றவர். ஜெனோவா அவரைவிட இருபத்தெட்டு வயது இளையவள். ஆனாலும் முதல் நாளே அவளை டீச்சர் என்றுதான் கூப்பிட்டார்.

தூத்துக்குடியில் ஒரு தையல் கடைக்கு மேல்மாடியில் அவளுடைய அறை. மூன்று கணினிகள், ஒரு மின்விசிறி, நான்கு நாற்காலிகள். கீழே தையல் மிஷின் ஓடினால் தரை லேசாக அதிரும்.

"என்ன கத்துக்கணும் அண்ணாச்சி?"

"ஒரு வெப்சைட் இருக்கு. அதைப் பாத்துக்கணும்."

"யாரோடது?"

"என் வீட்டுக்காரியோடது."

"அவங்களும் வரலாமே."

"அவ தவறிப் பத்து மாசம் ஆகுது."

ஜெனோவா எழுந்து மின்விசிறியை அவர் பக்கம் திருப்பி வைத்தாள்.

பகவதி ஒரு தனியார் ஆஸ்பத்திரி லேபில் இரத்தம் பரிசோதிக்கிற வேலை பார்த்தவள். கிடைப்பதற்கு அரிதான குரூப் இரத்தத்துக்காக ஜனங்கள் அலைகிற அலைச்சலைத் தினமும் பார்த்துவிட்டு, பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் அந்த வெப்சைட்டைத் தொடங்கினாள். யார், எந்த ஊர், என்ன குரூப், என்ன நம்பர். அவ்வளவுதான் அதில். தன்னையும் சேர்த்து நூற்று நாற்பத்தாறு பேரை அதில் ஏற்றியிருந்தாள். அவளுக்கும் ஓ நெகட்டிவ். கேட்கிறவர்கள் முதலில் தன்னைக் கேட்கட்டும் என்று தன் பெயரையே பட்டியலின் தலையில் போட்டிருந்தாள்.

ஒரு நாள் காலையில் துணி காயப்போட மாடிக்குப் போனவள் அங்கேயே விழுந்தாள். ஆட்டோ வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

பிள்ளைகள் இல்லை. வீட்டில் அவரும் பகவதியின் போனும்தான் மிச்சம். அந்தப் போனுக்கு அவர் தவறாமல் சார்ஜ் போட்டு வந்தார். அவருடைய போனில் மணி அடித்து நாளாகியிருந்தது. அவளுடைய போனில் வாரத்துக்கு இரண்டு மூன்று அழைப்பாவது வரும். அப்படிக் கூப்பிட்டவர்களில் ஒருவர்தான் போன வாரம் சொன்னார், வெப்சைட்டைத் திறந்தால் சீட்டாட்ட விளம்பரமாக வருகிறது என்று.

"நம்ம வீட்டுச் சுவத்துல எவனோ போஸ்டர் ஒட்டிட்டுப் போன மாதிரி இருக்கு டீச்சர்," என்றார் ஐயம்பெருமாள்.

பகவதியின் டைரியில் கடைசிப் பக்கத்தில் பாஸ்வேர்டு இருந்தது. ஒவ்வொரு எழுத்தாக ஒற்றை விரலால் தட்டினார். திரை திறந்தது. மேலே ஓர் ஓரத்தில் எழுதியிருந்தது: வணக்கம், பகவதி.

அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்க பேருக்கு ஒரு லாகின் போட்டுத் தரட்டுமா?"

"வேண்டாம். இப்படியே இருக்கட்டும்."

ஜெனோவா வற்புறுத்தவில்லை. பத்து மாதமாக யாரும் அப்டேட் செய்யாததால் விழுந்த ஓட்டை வழியாக எவனோ நுழைந்திருக்கிறான் என்று கண்டுபிடித்தாள். முதலில் எல்லாவற்றையும் ஒரு பிரதி எடுத்து வைத்தாள். பிறகு ஓட்டையை அடைத்தாள். விளம்பரங்கள் போய்விட்டன.

"இனி இதை நீங்கதான் செய்யணும். தினமும் வாங்க," என்றாள்.

இரண்டாம் நாள் ஐயம்பெருமாள் கேட்டார்:

"டீச்சர், அவ எழுதின அந்தப் பட்டியல் பக்கம் எந்த ஃபைல்ல இருக்கு? நேத்து வீட்டுல அவ கம்ப்யூட்டர்ல முழுக்கத் தேடினேன். கிடைக்கல. அதை மட்டும் எடுத்து ஒரு பென்டிரைவுல பத்திரமா வச்சுக்கிடலாம்னு பாத்தேன்."

ஜெனோவா கடிகாரத்தைப் பார்த்தாள். மணி பன்னிரண்டரை. "சாப்பிட்டு வரலாம் வாங்க," என்று அடுத்த தெரு மெஸ்ஸுக்கு அழைத்துப் போனாள். உட்கார்ந்ததும் இலை போட்டார்கள்.

"அண்ணாச்சி, உங்க சாப்பாடு இப்போ எங்க இருக்கு?"

"உள்ளதான். அடுக்களைல."

"போய்ப் பாத்துட்டு வாங்க."

அவர் நிஜமாகவே எழுந்து போய் எட்டிப் பார்த்தார். ஒரு அண்டாவில் சோறு, ஒரு வாளியில் சாம்பார், தட்டில் அப்பளம், ஓர் ஏனத்தில் அவியல். திரும்பி வந்து உட்கார்ந்தார்.

"சோறு இருக்கு, குழம்பு இருக்கு. என் சாப்பாடுன்னு தனியா ஒண்ணும் இல்ல. நாம உக்காந்த பெறகுதான் இலைல அது சாப்பாடா ஆகும்."

"பக்கமும் அப்படித்தான். பேரு ஒரு இடத்துல, நம்பர் ஒரு இடத்துல, நிறமும் அமைப்பும் வேற இடத்துல. ஒருத்தர் வந்து கேக்கும்போது அந்த நேரத்துக்குச் சேத்து எடுத்து வைக்குது. புத்தகத்துல இதை உள்ளடக்க மேலாண்மைன்னு போட்டிருப்பாங்க. பேரு பெருசு. சோத்தைப் பிசைங்க, ஆறுது."

அவர் பிசைந்தார். ஒருவரோடு எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டு எத்தனையோ நாள் ஆகிவிட்டது என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

நான்காம் நாள் பாடம் சுமுகமாக இல்லை. தளத்தின் தோற்றத்தைத் தீர்மானிக்கிற பகுதி, தீம் என்று சொல்வார்கள், அது மிகப் பழையதாகிவிட்டது, மாற்றியாக வேண்டும் என்றாள் ஜெனோவா.

"தொடாதீங்க. அந்த நீலம் அவ தேர்ந்தெடுத்தது."

ஜெனோவா ஒரு பொத்தானை அழுத்தினாள். நீலம் மறைந்தது. வெள்ளையாக, அந்நியமாக ஒரு பக்கம் வந்து நின்றது. ஐயம்பெருமாள் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டார்.

"என்ன செய்யுதீங்க?"

"என்ன போச்சு அண்ணாச்சி?"

"நிறம் போச்சு. எல்லாம் போச்சு."

"பேரெல்லாம் எண்ணிப் பாருங்க."

எண்ணினார். நூற்று நாற்பத்தாறும் இருந்தன. ஜெனோவா இன்னொரு பொத்தானை அழுத்தினாள். புதிய தீமிலேயே பழைய நீலம் வந்து உட்கார்ந்தது. அவர் உட்காரக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் டீச்சர். அவ விட்டுட்டுப் போன மாதிரியே இது இருக்கணும். ஒரு புள்ளி மாறக் கூடாது."

"எந்த நாள்ல விட்டுட்டுப் போன மாதிரி?"

கேள்வி அவருக்குப் புரியவில்லை. ஜெனோவா ஏதோ ஒரு பெயரைத் திறந்தாள். சாத்தான்குளம் பக்கத்து ஆள் ஒருவர். அதன் அடியில் திருத்த வரலாறு என்றொரு பட்டியல் விரிந்தது. பகவதி, மாலை ஐந்து நாற்பது. பகவதி, மாலை ஆறு பத்து. ஒன்பது வருடத்தில் அந்த ஒரு பெயரை அவள் பதினோரு தடவை திருத்தியிருந்தாள். நம்பர் மாறியிருந்தது. ஊர் மாறியிருந்தது. ஒரு தடவை, "மஞ்சள் காமாலை, ஆறு மாதம் கேட்க வேண்டாம்" என்றுகூட எழுதி, பிறகு அதை எடுத்திருந்தாள்.

அத்தனையும் சாயங்கால நேரம். அந்த நேரங்களில் அவர் கூடத்தில் டிவி பார்த்துக்கொண்டிருந்திருப்பார். அடுத்த அறையில் அவள் போனில் பேசுகிற சத்தம் கேட்கும். கொஞ்சம் மெதுவாப் பேசேன் என்று எத்தனையோ தடவை கத்தியிருக்கிறார்.

அன்று அவர் சீக்கிரமே வீட்டுக்குப் போய்விட்டார்.

மறு வாரம் ஒரு புதன்கிழமை மதியம், மூன்று மணி இருக்கும். பகவதியின் போன் அடித்தது.

"பகவதி மேடம் நம்பர்தானே? ஓ நெகட்டிவ் வேணும் சார். அவசரம். என் சம்சாரத்துக்குப் பிரசவம் ஆகி ரத்தப்போக்கு நிக்க மாட்டேங்குது. என் பேரு டேனியல். பெரியாஸ்பத்திரில இருக்கேன். லிஸ்ட்ல மேடம்தான் முதல்ல இருக்காங்க. ஊரும் தூத்துக்குடின்னு போட்டிருக்கு. மேடம் இருக்காங்களா?"

இதுவரை கூப்பிட்டவர்களிடம் எல்லாம் அவர் சொன்னது ஒன்றேதான். "அவ வெளிய போயிருக்கா." அப்படிச் சொல்வது அவருக்குப் பழகிவிட்டது. சொல்கிற அந்த ஒரு நிமிடத்துக்கு அவள் கடைக்குப் போனவளாகவும், வாசலில் செருப்புச் சத்தம் கேட்கப்போவது போலவும் இருக்கும். அன்றைக்கும் அதுவேதான் வாயில் வந்தது.

"வெளிய போயிருக்கா."

"எப்போ வருவாங்க?"

இப்படி யாரும் கேட்டதில்லை.

"வந்துருவா," என்றார்.

"நீங்க சொன்னாப் போதும் சார். காத்திருக்கேன்."

போனை வைத்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கு உறைத்தது. திரும்பக் கூப்பிட்டார். லைன் கிடைக்கவில்லை. மறுபடி கூப்பிட்டார். சட்டையை மாட்டிக்கொண்டு ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினார். பிரசவ வார்டு எந்தக் கட்டடம் என்று தெரியாமல் சுற்றி, படியேறிப் போய்ச் சேர்ந்தபோது நாற்பது நிமிடம் ஆகியிருந்தது. வராந்தாவில் ஒருவன் வாசலையே பார்த்துக்கொண்டு நின்றிருந்தான். அவனுக்கு முப்பது வயதுகூட இருக்காது.

"டேனியலா?"

"ஆமா. மேடம் எங்க சார்?"

"அவ இல்லப்பா. அவ போயிட்டா. பத்து மாசம் ஆச்சு."

அவன் அவரைத் திட்டவில்லை. போனை எடுத்துப் பட்டியலின் இரண்டாவது நம்பரை அழுத்தினான். அது உபயோகத்தில் இல்லை. மூன்றாவது ஆள் சென்னையில் இருந்தார். நான்காவது ஆள் ஆறுமுகநேரியிலிருந்து பைக்கில் கிளம்பி வந்தார். அவர் வந்து சேரும் வரைக்கும் ஐயம்பெருமாள் அந்த வராந்தாவில் உட்காரவில்லை. யாரும் அவரிடம் பேசவும் இல்லை.

பெண்ணும் குழந்தையும் பிழைத்துக்கொண்டார்கள். விளக்கு வைக்கும் நேரத்தில் டேனியல் வெளியே வந்து அதைச் சொன்னான். பிறகு சாதாரணமாக ஒன்று சொன்னான்.

"இல்லைன்னு சொல்லியிருந்தா அப்பவே அடுத்த நம்பருக்குப் போயிருப்பேன் சார்."

மறுநாள் காலை கடை திறக்கும் முன்பே ஐயம்பெருமாள் தையல் கடைப் படிக்கட்டில் நின்றார். நடந்ததை ஒன்றுவிடாமல் ஜெனோவாவிடம் சொன்னார். சொல்லி முடித்துவிட்டு, "அவ பேரை எப்படி எடுக்கிறதுன்னு காட்டுங்க," என்றார்.

"குப்பைக்குப் போடலாம். முப்பது நாள்ல தானா அழிஞ்சிரும். இல்ல, வரைவுக்கு மாத்தலாம். உள்ள இருக்கும், வெளிய யாருக்கும் தெரியாது."

"வரைவு."

"சரி. மத்த நூத்து நாப்பத்தஞ்சு பேரு?"

"அவங்களுக்கு என்ன?"

"அவங்க இருக்காங்களா?"

இரண்டாவது நம்பர் உபயோகத்தில் இல்லை என்று டேனியலின் போனில் இயந்திரக் குரல் சொன்னது ஐயம்பெருமாளின் காதில் இன்னும் இருந்தது.

"கடைசில இருந்து தொடங்குங்க. ஒவ்வொருத்தரையா கூப்பிடுங்க. இருந்தாத் திருத்துங்க. மூணு தடவை கூப்பிட்டும் எடுக்கலேன்னா வரைவுக்கு மாத்துங்க. எல்லாம் முடிச்சிட்டு வாங்க. ஒண்ணு மட்டும், திருத்துறது நீங்க. உங்க பேர்ல திருத்துங்க."

அன்று அவர் மறுக்கவில்லை. அவள் புதிதாக ஒரு லாகின் போட்டுக் கொடுத்தாள். வீட்டுக்குப் போய்த் திறந்தபோது மேலே ஓரத்தில், வணக்கம், ஐயம்பெருமாள் என்று வந்தது. அவ்வளவு பெரிய வீட்டில் அவருக்கு வணக்கம் சொல்ல அது ஒன்றுதான் இருந்தது.

மூன்று வாரம் பிடித்தது. தினமும் காலையில் பத்துப் பேர், சாயங்காலம் பத்துப் பேர் என்று வைத்துக்கொண்டார். சிலர் எடுக்கவில்லை. சிலர் ராங் நம்பர் என்று வைத்துவிட்டார்கள். சென்னைக்காரரைப் போல ஊர் மாறிப் போனவர்களைப் பட்டியலின் அடிக்கு இறக்கினார். எடுத்தவர்களில் பாதிப் பேர் முதலில் கேட்டது, "மேடம் எப்படி இருக்காங்க?"

முதல் ஆளிடம் அவரால் பதில் சொல்ல முடியவில்லை. லைனைத் துண்டித்துவிட்டார். தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி கூப்பிட்டு, "அவ இறந்துட்டா," என்றார். போனில் அவர் அப்படி வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. அதற்கப்புறம் அறுபது, எழுபது தடவை சொல்ல வேண்டியிருந்தது. சொல்லச் சொல்ல லேசாகிவிடும் என்று நினைத்தார். லேசாகவில்லை. நடுவில் நிற்காமல் சொல்ல வந்தது, அவ்வளவுதான்.

காயல்பட்டினத்துக்காரர் ஒருவர் சொன்னார், "ரத்தம் குடுத்த அன்னிக்கு ராத்திரி கூப்பிட்டு, முட்டை சாப்பிட்டியான்னு கேப்பாங்க சார்." பகவதி அப்படிக் கேட்பாள் என்பது ஐயம்பெருமாளுக்குத் தெரியாது.

நாசரேத்தில் ஒரு நம்பரை ஒரு வயதான பெண்மணி எடுத்தார். பட்டியலில் இருந்தது அவருடைய மகன் பெயர். பைக் விபத்தில் போய் இரண்டு வருடம் ஆகிறது என்றார்.

"அவன் பேரு இன்னும் அதுல இருக்கா சார்?"

"இருக்கும்மா."

"அப்போ அதை எடுத்துராதீங்க."

ஐயம்பெருமாள் போனை வைக்கவில்லை. அந்த அம்மாவும் வைக்கவில்லை. மகன் தினமும் பேருந்தில் திருச்செந்தூருக்கு வேலைக்குப் போனதையும், அவனுடைய சட்டைகளை இன்னும் தேய்த்து வைத்திருப்பதையும் சொன்னார். அரைமணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கும். ஐயம்பெருமாள் "ம்" கொட்டிக்கொண்டிருந்தார். திடீரென்று அந்த அம்மா கேட்டார்:

"அவசரத்துக்குத்தானே சார் கூப்பிடுவாங்க?"

"ஆமாம்மா."

"அப்போ எடுத்துருங்க. பாவம் அவங்க."

வரைவு என்ற சொல்லின் மேல் அவர் விரல் வெகுநேரம் நின்றது. பிறகு அழுத்தினார். அந்த அம்மாவின் நம்பரை ஒரு தாளில் தனியாக எழுதி வைத்துக்கொண்டார்.

எல்லாம் முடிந்தபோது நூற்று நாற்பத்தைந்தில் எண்பத்தெட்டுப் பேர் மிஞ்சினார்கள். ஐயம்பெருமாள் மறுநாள் பத்தரை மணிக்கு ஜெனோவாவின் அறைக்குப் போனார். அவள் ஒவ்வொரு பெயராகத் திறந்து பார்த்தாள். அடியில் அவர் பெயரும் திருத்திய நேரமும் இருந்தன. கடைசியாகப் பட்டியலின் தலைக்கு வந்தாள்.

"இதுல உங்க திருத்தம் இல்லையே."

"அவ விஷயம்தான் தெரியுமே டீச்சர். உங்க கையால நீங்களே மாத்திருங்க."

"மத்தவங்களுக்கு என்ன செஞ்சீங்க?"

"கூப்பிட்டுப் பாத்தேன்."

"இவங்களைக் கூப்பிட்டீங்களா?"

ஐயம்பெருமாள் அவளை நிமிர்ந்து பார்த்தார். அவள் கேலியாகக் கேட்கவில்லை. கீழே தையல் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. அவர் தன் போனை எடுத்து, பார்க்காமலே தெரிந்த அந்த நம்பரை அழுத்தினார்.

பையில் இருந்த பகவதியின் போன் அடித்தது. அதை வெளியே எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். திரையில் அவருடைய படம் வந்தது. எப்போதோ ஒரு கல்யாண வீட்டில், வெற்றிலை போட்ட வாயோடு அவர் சிரித்துக்கொண்டிருந்ததை அவள் எடுத்து வைத்திருந்திருக்கிறாள். முழுவதும் அடித்து ஓய்ந்தது. இரண்டாவது தடவை கூப்பிட்டார். அடித்து ஓய்ந்தது. மூன்றாவது தடவை அடிக்கும்போது அவருக்குக் கண் மறைத்தது. ஆனாலும் கடைசி வரை விட்டார்.

ஜெனோவா ஜன்னல் பக்கம் திரும்பி நின்றிருந்தாள்.

அவர் இரண்டு போன்களையும் மேஜை மேல் வைத்துவிட்டு, மவுஸைப் பிடித்தார். பகவதி என்ற பெயரைத் திறந்தார். வரைவு என்று மாற்றினார். சேமித்தார். பிறகு, யாரோ ஒருவர் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று பார்ப்பது போலத் தளத்தை வெளியிலிருந்து திறந்தார். அதே நீலம். முதலில் ஆறுமுகநேரிக்காரர் பெயர் இருந்தது.

மேலிருந்து கீழ்வரை ஒரு தடவை படித்தார். எண்பத்தெட்டுப் பேர். அத்தனை பேரும் அவரோடு பேசியவர்கள்.

"டீச்சர், இப்போ பட்டியல் சரியா இருக்கா?"

ஜெனோவா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"பதினொண்ணே கால் ஆகுது அண்ணாச்சி. இந்த நேரத்துக்குச் சரியா இருக்கு."